கையில் வாங்காத நாய்

நாரின், ஜூன் 14

கனிஷாயிம் அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

இன்று காலை பால் வண்டி ஷேர்அலி எங்கள் வாசலில் ஹாரன் அடித்தான். புளிக்கவைத்த குதிரைப் பால், குமிஸ், அனுப்பியிருக்கிறீர்கள், ஒரு வருஷக் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக் கையில் கிண்ணத்தோடு ஓடினேன். பால் கேன்களுக்கு நடுவில் ஒரு கன்றுக்குட்டி படுத்திருந்தது. எழுந்து நின்றதும்தான் அது உங்கள் நாய் மொய்னோக் என்று தெரிந்தது. "அக்கா குடுக்கச் சொன்னாங்க. கயித்தைப் புடிங்க, பால் திரிஞ்சிரும், நான் போகணும்" என்றான். நான் பிடிக்கவில்லை. அவனே வாசல் தூணில் கட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஏன் அக்கா? இந்த நாரின் ஊரில், உங்கள் மலையில், எத்தனையோ பேர் இருக்க என் வாசலில் ஏன்? போன கோடையில் உங்கள் கூடாரத்துக்குப் பின்னால் என் ஐபிகே புருவம் கிழிந்து ரத்தத்தோடு கிடந்தாள். அவள் மேல் நின்றுகொண்டிருந்தது இந்த நாய். நீங்கள் குதிரைப் பால் கறந்துகொண்டிருந்தீர்கள். நான் தேநீர் சமோவாருக்குச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். நாய் கடித்துவிட்டது என்றேன் நான். குதிரைக் காலடியில் போன பிள்ளையைத் தள்ளிவிட்டது என்றீர்கள் நீங்கள். இரண்டு பேருமே பார்க்கவில்லை. யாரும் பார்க்காத ஒன்றுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு அன்று சாயங்காலமே மலையை விட்டு இறங்கினேன். ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தவர்கள் நாம். அதன் பிறகு ஒரு வரி எழுதிக்கொள்ளவில்லை.

உங்கள் கொழுந்தன் எல்தியார் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறார். வீட்டில் நானும் மூன்று வயது கூட ஆகாத பிள்ளையும் மட்டும். அவளை வீட்டுக்குள் வைத்துத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு "பெரிய பூனை, பெரிய பூனை" என்று கூப்பிடுகிறாள். அது நொண்டுகிறது. வைத்த சோற்றைத் தொடவில்லை. வாசலைப் பார்த்தே படுத்திருக்கிறது.

ஷேர்அலி அடுத்த முறை வரும்போது திருப்பி அனுப்புகிறேன். கயிற்றை அவனே அவிழ்க்கட்டும்.

ஜிபாரா


மேய்ச்சல் மலை, ஜூன் 19

ஜிபாரா,

அனுப்பாதே.

ஓநாய் அதன் பின்னங்காலைக் கடித்துக் குதறிவிட்டது. புண் ஆறிவிட்டது, இடுப்பு ஆறவில்லை. ஆடு மேலே போனால் இது பாதியில் உட்கார்ந்துவிடுகிறது. ஆட்டோடு நடக்க முடியாத நாய்க்கு மலையில் சோறு இல்லை. உன் பெரியவர், என் வீட்டுக்காரர், கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். அவருடைய அப்பா அப்படித்தான் செய்தார், இவரும் அப்படித்தான். துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நாயைப் பால் வண்டியில் ஏற்றிவிட்டேன். பக்கத்து மலைக்காரர் கேட்டார், கொடுத்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்தால் அன்றைக்கே முடிந்துவிடும். இலையுதிர் காலத்தில் நாங்கள் இறங்கி வரும்போது அது ஒரு வீட்டு முற்றத்தில் ஒழுங்காகக் காவல் இருந்தால் அவர் தொடமாட்டார். வேலையில் இருக்கிற நாயை அவர் சுட்டதில்லை.

ஏன் உன் வாசல் என்று கேட்டாய். உன் வீட்டுக்குச் சுவர் இருக்கிறது, நாய் இல்லை. அப்புறம், உனக்குப் பயமாக இருப்பதை நீ கண்ணை எடுக்காமல் பார்ப்பாய். எனக்குப் பிரியமானதை நான் ஆட்டுக்குப் பின்னால் விட்டுவிட்டு மறந்துவிடுவேன். அதன் கதியைப் பார்த்தாயே.

கயிறு நீளமாக இருக்கட்டும். போன வருஷத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

கனிஷாயிம்


நாரின், ஜூன் 27

அக்காவுக்கு,

அனுப்பவில்லை. ஆனால் வைத்துக்கொள்வேன் என்றும் சொல்லவில்லை.

இப்போது அது என் கையிலும் இல்லை. எதிர்வீட்டு உம்சுனாய் அம்மா தெருத்தலைவரிடம் போய், ஜிபாரா வீட்டில் கரடி கட்டியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். தெருத்தலைவர் அசான்பாய் வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்று பேசினார். நல்ல மனிதர்தான். "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள, வாசல்ல ஆள் வந்தா நீ ஒரு வார்த்தை சொல்லணும், அது உக்காரணும். அவ்வளவுதான் கேக்கறேன். உக்காந்தா இருக்கட்டும். இல்லைன்னா வந்த வழியே அனுப்பிரும்மா" என்றார். வந்த வழி எங்கே போகிறது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

கல்வியியல் கல்லூரியில் குழந்தை உளவியலில் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். பாராட்டும் பரிசும் கொடுத்தால் எந்த உயிரும் கற்கும் என்று தேர்வில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். கைபேசியில் பார்த்தேன். ஊர் ஊராக மனிதர்கள் இறைச்சித் துண்டை நாயின் மூக்குக்கு மேலே பிடிக்கிறார்கள், நாய் அண்ணாந்து பார்க்கிறது, பின்பக்கம் தானாகத் தரையில் படுகிறது, வாயில் துண்டு விழுகிறது. ஒரு பத்து வயதுப் பெண் செய்கிறாள்.

நானும் செய்தேன். முதலில் அவித்த நுரையீரல். அடுத்த நாள் ஆட்டுவால் கொழுப்பு. அப்புறம் உப்புப் போட்டுக் காயவைத்த தயிர் உருண்டை. கயிறு எட்டும் தூரத்துக்கு ஒரு அடி வெளியே நின்று, கையை நீட்டி, "உக்காரு மொய்னோக், உக்காரு" என்றேன். அது முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டது. நான் சுற்றி அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறது. ஆனால் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகித் தரையைத் தொடுகிறது. உடம்பு நடுங்குகிறது. வேண்டாம் என்று இருந்தால் ஏன் ஒழுக வேண்டும்? வேண்டும் என்றால் ஏன் வாங்கவில்லை? கிண்ணத்தில் வைக்கும் சோறு மட்டும் நான் வீட்டுக்குள் வந்த பிறகு எப்போதோ காலியாகிவிடுகிறது.

நோயா என்று பயமாக இருக்கிறது. எச்சில் ஒழுகும் நாய் என்றால் எனக்கு என்னென்ன தோன்றும் என்று உங்களுக்குத் தெரியும். இல்லை, போன வருஷம் நான் கத்தியது அதற்கு நினைவிருக்கிறதா? நாய்க்கு அவ்வளவு நினைவு இருக்குமா? நேற்றுப் பிள்ளை தூங்கிய பிறகும் ஜன்னலில் நின்று அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பயந்துகொண்டுதான் நின்றேன், ஆனால் பயம் மட்டும் இல்லை. அதற்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

நீங்கள் எப்படிச் சோறு போடுவீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

ஜிபாரா


மேய்ச்சல் மலை, ஜூலை 3

ஜிபாரா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். தனியா என்ன சிரிப்பு என்று இங்கே கேள்வி. தலைமாட்டில் மறைத்துவிட்டேன்.

நோயும் இல்லை, உன் மேல் கோபமும் இல்லை. எங்கள் நாய் கையிலிருந்து எதையும் வாங்காது. ஆட்டுத் திருடன் எதோடு வருவான்? கையில் இறைச்சியோடு வருவான். அதில் மருந்து இருக்கும். வாங்கித் தின்ற நாய் செத்துக் கிடக்கும், காலையில் பாதி மந்தை இருக்காது. அதனால் குட்டியிலேயே பழக்கிவிடுவோம். வருகிற விருந்தாளியை எல்லாம் கையை நீட்டச் சொல்வேன். அது வாயைத் திறந்தால் என் கம்பளிச் செருப்பால் மூக்கில் ஒன்று. மொய்னோக் சீக்கிரமே கற்றுக்கொண்டது. புத்திசாலி.

சோறு போடுகிறவள் தரையில் வைப்பாள், முதுகைக் காட்டித் திரும்பிப் போவாள். அதன் பிறகுதான் அது அதனுடையது. நின்று பார்த்தால், இவள் சோதிக்கிறாள், தொட்டால் செருப்பு என்று நினைக்கும். பாவம், நீ அதைக் கொழுப்பைக் காட்டிக் காட்டி வதைத்திருக்கிறாய்.

ஆனால் ஒன்று. முதுகைத் திருப்பினால்தான் தின்னும் நாய்க்கு நீ எப்படி உட்காரக் கற்றுக்கொடுப்பாய்? அது உட்கார்ந்ததா இல்லையா என்று உன் முதுகுக்கு எப்படித் தெரியும்? ஆட்டு நாய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நிற்கும், இல்லை படுக்கும். சர்க்கஸா நடத்துகிறாய்? அந்தத் தெருத்தலைவரிடம் ஒரு நல்ல இரும்புச் சங்கிலியைக் காட்டிப் பேசிப் பார்.

கனிஷாயிம்

அதற்கு முதுகைக் காட்ட உனக்குப் பயமாக இருந்தால் சோற்றை வைத்துவிட்டு உள்ளேயே போய்விடு. யாரும் சொல்லிக் காட்டப்போவதில்லை.


நாரின், ஜூலை 12

அக்காவுக்கு,

பயமாகத்தான் இருந்தது. சொல்லிக் காட்டப்போவதில்லை என்று எழுதினீர்களே, அதுவே சொல்லிக் காட்டுவதுதான்.

பிள்ளையை உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டேன். தயிர் உருண்டை ஒன்றைக் கயிறு எட்டும் இடத்தில் தரையில் வைத்தேன். திரும்பினேன். பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. சங்கிலி இல்லை, வெறும் கயிறு. அதையும் கட்டியவன் ஷேர்அலி. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் "டக்" என்று ஒன்று, கதவுக் கீல் போல. அதற்கப்புறம் உருண்டையைக் கடிக்கும் சத்தம். அவ்வளவுதான். நான் வீட்டுக்குள் ஓடவில்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

அந்த "டக்" என்ன? அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். வைத்தால், திரும்பினால், முதலில் "டக்", பிறகு கடிக்கும் சத்தம். திரும்பிப் பார்த்தால் தின்பதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்க்கிறது.

முற்றத்தில் கைகழுவும் தொட்டிக்கு மேலே எல்தியார் சவரத்துக்காக ஒரு கண்ணாடி அடித்து வைத்திருக்கிறாரே. உருண்டையை வைத்துவிட்டு நேரே அங்கே போய் முகம் கழுவுவதுபோல் நின்றேன். கண்ணாடியில் பார்த்தேன்.

அது உருண்டையைப் பார்க்கவில்லை அக்கா. என் குதிகாலைப் பார்க்கிறது. திரும்ப மாட்டேன் என்று உறுதியானதும் இடது பக்கம் ஒரு பார்வை, வலது பக்கம் ஒரு பார்வை. பிறகு அந்தக் கெட்ட பின்னங்காலைச் சற்று வெளியே தள்ளி, உட்காருகிறது. ஆம், உட்காருகிறது. இடுப்பு எலும்பு "டக்" என்கிறது. குனிந்து தின்றால் கால் வலிக்கும் போலிருக்கிறது. உட்கார்ந்து, பெரிய மனிதர் விருந்தில் தின்பதுபோல் நிதானமாகத் தின்கிறது. ஓநாய் கடித்த கடி அதற்கு உட்காரக் கற்றுக்கொடுத்துவிட்டது.

ஆட்டு நாய் உட்காராது என்றீர்கள். கண்ணாடியில் பார்த்து, அது இடுப்பை இறக்கும் நேரத்தில் "உக்காரு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லும் செயலும் சேர்ந்துவிட்டால் போதும். ஐபிகே ஜன்னலில் இருந்து எனக்கு முன்னால் சொல்லிவிடுகிறாள்.

ஜிபாரா


மேய்ச்சல் மலை, ஜூலை 20

ஜிபாரா,

உன்னால் எனக்கு இங்கே மானம் போயிற்று.

எங்களிடம் இன்னொரு நாய் இருக்கிறதே, கரா. அதுவும் உட்காருகிறதா என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. அவருடைய சவரக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் போய், எலும்பை வைத்துவிட்டு, முதுகைத் திருப்பிக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வந்துவிட்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "இந்த வயசுல கண்ணாடி பாத்து என்ன ஆகப்போகுது?" என்றார். "உங்களைக் கட்டிக்கிட்ட மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்கறேன்" என்றேன். போய்விட்டார்.

கரா உட்காரவில்லை. யார் குதிகாலையும் பார்க்கவும் இல்லை. எலும்பைக் கவ்விக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய்விட்டது. ஆக, குதிகாலைப் பார்ப்பது மொய்னோக்கின் சொந்தப் புத்தி. ஏன் குதிகால்? செருப்பு அங்கேதான் இருக்கும் என்றா? என் செருப்பு நினைவா அது? இத்தனை வருஷம் அதற்குச் சோறு போட்டேன், திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தேன். அது எப்படித் தின்கிறது என்று எனக்குத் தெரியாது. நீ பார்த்துவிட்டாய்.

இன்னும் எழுது. கண்ணாடியில் வேறு என்ன தெரிகிறது?

கனிஷாயிம்

வெண்ணெய் அனுப்பியிருக்கிறேன். அது உனக்கும் பிள்ளைக்கும். நாய்க்கு இல்லை.


நாரின், ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

வெண்ணெய் வந்தது. கொஞ்சம் நாய்க்கும் போனது.

நான் தோற்றுவிட்டேனா ஜெயித்துவிட்டேனா என்று எனக்கே புரியவில்லை. மொய்னோக் இப்போது கண்ணாடி இல்லாமலேயே, உருண்டை இல்லாமலேயே உட்காருகிறது. நான் திரும்பி நின்று "உக்காரு" என்றால் உடனே "டக்". நேற்று அதற்கு நேராக, முகம் பார்த்து நின்று சொன்னேன். உட்காரவில்லை. கத்திச் சொன்னேன். கெஞ்சிச் சொன்னேன். சுவரைப் பார்த்தது. திரும்பி நின்றேன், வாயே திறக்கவில்லை. "டக்".

சந்தேகம் வந்தது. திரும்பி நின்று "தேநீர்" என்றேன். உட்கார்ந்தது. "ரஷ்யா" என்றேன். உட்கார்ந்தது. என் மாமியாரின் பெயரைக்கூடச் சொல்லிப் பார்த்தேன், மருமகள் சொல்லக் கூடாத பெயர், கேட்டது நாய் மட்டும்தான். அதற்கும் உட்கார்ந்தது.

நான் இத்தனை நாள் சொல்லைக் கற்றுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் முதுகைக் கற்றுக்கொண்டிருக்கிறது. முதுகு திரும்பினால் உட்கார வேண்டும். அதுதான் பாடம் என்று அது புரிந்துவைத்திருக்கிறது. யோசித்தால் தப்பு அதனுடையது இல்லை.

அசான்பாய்க்கு இது போதும். அவர் வாசலில் நிற்பார், நான் அவரைப் பார்த்து நிற்பேன், நாய் எனக்குப் பின்னால் இருக்கும். அவருக்கு வார்த்தை கேட்கும், நாய்க்கு முதுகு தெரியும். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் வரச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு முறை பேனாவை மூடினேன். முந்தாநாள் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தாழ்ப்பாளை ஐபிகே திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். எட்டிப் பார்க்கிறேன், முற்றத்தில் நாய்க்கு முன்னால் நிற்கிறாள். எண்ணெயில் பொரித்த ஒரு போர்சோக் துண்டைத் தரையில் வைத்தாள். என்னைப் போலவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி நின்றாள். அவள் உயரம் அதன் தலை வரைதான். மாவுக் கையோடு படியிலேயே நின்றேன். அது அவள் குதிகாலைப் பார்த்தது. இடது, வலது. "டக்".

அவளுடைய அப்பாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், சொல்லியிருக்கக் கூடாது. "எம் பொண்ணு மொகத்துல ஒரு தழும்பு போதாதா? இன்னிக்கே அனுப்பு" என்றார். எங்கே அனுப்புவது என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். அவர் அண்ணனை அவருக்குத் தெரியாதா?

ஜிபாரா


மேய்ச்சல் மலை, ஆகஸ்ட் 11

ஜிபாரா,

ஷேர்அலியின் வாய் பால் கேன் மாதிரி, மூடி நிற்காது. அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதி. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "தெருத்தலைவர் வர்ற அன்னிக்கு நானும் போறேன். அதுக்கு வேலை இருக்கா இல்லையான்னு என் கண்ணால பாக்கறேன். இல்லைன்னா ஊர்ல வெச்சு வேணாம், கூட்டிக்கிட்டு வந்துர்றேன்" என்றார். கூட்டிக்கொண்டு வந்து என்ன என்று நான் கேட்கவில்லை.

பால் வண்டியில் வருகிறார். துப்பாக்கியையும் எடுத்துக்கொள்கிறார்.

அது எழுந்து ஓடி அவர் காலைச் சுற்றினால் உன் பாடம் அன்றோடு சரி. மந்தை வாசனை அவர் உடம்பு முழுக்க இருக்கும். முதுகைக் காட்டுவதைத் தவிர உனக்கு வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்து வை.

பிள்ளையை உள்ளே வை.

கனிஷாயிம்


நாரின், ஆகஸ்ட் 26

அக்காவுக்கு,

பெரியவர் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார், எவ்வளவு சொல்லியிருப்பார் என்று தெரியாது. நடந்ததை நான் எழுதுகிறேன்.

அசான்பாய் முதலில் வந்தார். கூடவே உம்சுனாய் அம்மா, கையில் மாடு விரட்டும் தடி. பிள்ளையை உள்ளே வைத்துத் தாழ்ப்பாளுக்கு மேலே கயிறும் கட்டியிருந்தேன். வாசலைப் பார்த்து நின்றேன். "உக்காரு" என்றேன். பின்னால் "டக்". அசான்பாய் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "சொன்ன பேச்சைக் கேக்குதே. என் வீட்டுல என் மருமகன்கூட கேக்கறதில்லை" என்றார். உம்சுனாய் அம்மா மட்டும் இன்னொரு தரம் செய்யச் சொன்னார். செய்தது. மூன்றாம் தரத்துக்கு அவருக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை.

அப்போதுதான் பால் வண்டி வந்தது. ஹாரன்.

ஹாரன் என்றால் வெண்ணெய் என்று ஐபிகேவுக்குத் தெரியும். கயிற்றை எப்படி அவிழ்த்தாளோ, கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். நாயின் கயிறு தடுக்கி முகம் குப்புற விழுந்து வீறிட்டாள். உம்சுனாய் அம்மா நல்ல எண்ணத்தில்தான், பிள்ளையைத் தூக்க, தடியை ஓங்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்.

மொய்னோக் எழுந்தது. நொண்டுகிற நாய் அவ்வளவு வேகமாக வரும் என்று நினைக்கவில்லை. ஒரே எட்டில் பிள்ளைக்கு மேலே நின்றது. முன்னங்கால்களுக்கு நடுவில் அவள். பிடரி சிலிர்த்து, உதடு விலகி, நான் இதுவரை கேட்காத ஒரு சத்தம் அதன் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. போன கோடையில் பார்த்த அதே காட்சி அக்கா. அன்றைக்குப் போலவே இந்த முறையும் எனக்குத் தெரியவில்லை, அது காக்கிறதா, கடிக்கப்போகிறதா என்று.

"உக்காரு" என்றேன், முகத்தைப் பார்த்து. என்னென்ன குரலில் சொன்னேன் என்று நினைவில்லை. அது தடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அசான்பாய் வாசலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். பெரியவர் மட்டும் உள்ளே வந்தார். தாழ்ந்த குரலில், "ஷேர்அலி, வண்டியில இருக்கறதை எடுத்துட்டு வா" என்றார். பிறகு என்னிடம், "அசையாத. நாயை விட்டுக் கண்ணை எடுக்காத" என்றார்.

அவர் சொன்னது சரி என்றுதான் என் உடம்பு முழுக்கச் சொன்னது. எந்தத் தாய் அந்த நேரத்தில் கண்ணை எடுப்பாள்? ஆனால் அதற்குத் தெரிந்த ஒரே வார்த்தை என் முதுகுதான்.

திரும்பினேன்.

பெரியவருக்கு நேராக நின்று இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, உங்களுக்குத் தெரியும். அன்று அவர் முகத்தைப் பார்த்து, "நீங்களும் திரும்புங்க" என்றேன். "உம்சுனாயம்மா, தடியைக் கீழ போட்டுட்டுத் திரும்புங்க. எல்லாரும் திரும்புங்க." உம்சுனாய் அம்மா ஏன் கேட்டார் என்று இன்னும் புரியவில்லை. தடி விழுந்தது, சுவர் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். அசான்பாய் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியாகப் பெரியவர். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் அவரும் மெதுவாகத் திரும்பினார்.

வளர்ந்த மனிதர்கள் இத்தனை பேர், உறுமுகிற நாய்க்கும் அதன் காலடியில் கிடக்கும் என் பிள்ளைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். கண்ணாடி இருந்த பக்கம் பெரியவரின் தோள் மறைத்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை. உறுமல் நின்றது. பிள்ளையின் அழுகையும் நின்றது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இடது பக்கம் பார்க்கிறது, இப்போது வலது பக்கம் பார்க்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"டக்."

நான் அப்போதும் திரும்பவில்லை. திரும்பினால் எழுந்துவிடுமோ என்று. வண்டியிலிருந்து துப்பாக்கியோடு வந்த ஷேர்அலி மட்டும்தான் எங்களுக்கு எதிரில், நாயைப் பார்த்தபடி நின்றான். வாய் திறந்தபடி நின்றான். "என்னடா ஆச்சு, சொல்லேன்" என்றார் பெரியவர்.

"உக்காந்திருக்கு ஓமுர்பெக் அண்ணே" என்றான். "பிள்ளை அது தலையில கைய வெச்சு, காதைக் காணோம்னு தேடிக்கிட்டிருக்கு."

ஓநாய் கவ்வக் கூடாதென்று குட்டியில் நீங்கள் வெட்டிவிட்ட காது. அதைத்தான் தேடியிருக்கிறாள்.

போன வருஷம் என்ன நடந்தது என்று இன்னும் எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. இந்த முறை பார்த்தவன் ஒருவன் இருக்கிறான், அது போதும்.

பெரியவர் தேநீர் குடித்தார். துப்பாக்கி வண்டிக்குத் திரும்பிப் போயிற்று. கிளம்பும்போது அங்கியின் பையிலிருந்து ஒரு தயிர் உருண்டையை எடுத்தார். தரையில் வைத்தார். திரும்பி, வண்டி வரைக்கும் ஒரே நேராக நடந்து போனார்.

ஜிபாரா


மேய்ச்சல் மலை, செப்டம்பர் 3

ஜிபாரா,

ஆட்டோடு நடக்காத நாய்க்கு அவர் கையால் எதையும் வைத்து நான் பார்த்ததில்லை. உருண்டையைப் பற்றி அவர் என்னிடம் சொல்லவே இல்லை. உன் கடிதத்தில்தான் படித்தேன். கேட்டதற்கு, "பையில ஓட்டை" என்றார்.

அவர் திரும்பி வந்தவுடன், நாயைக் கட்டி வரக் கொண்டுபோன கயிற்றைத்தான் நான் பார்த்தேன். வெறுங்கயிறு. "எங்க நாய்?" என்றேன். "வேலையில இருக்கு" என்றார். அப்புறம் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டுதான் போனார். நான் சிரித்தது அவருக்குக் கேட்டிருக்கும்.

உன் பெரியவர் பேச்சு அது. என் பேச்சு வேறு. எனக்கு இரண்டு நாளாக ஒரே யோசனை. என் செருப்பு கற்றுக்கொடுத்தது அதற்குள் இருக்கிறது, உன் முதுகு கற்றுக்கொடுத்ததும் இருக்கிறது. இரண்டும் எப்படி ஒரே நாய்க்குள் படுத்திருக்கின்றன? பிள்ளையின் கையிலிருந்து வாங்குகிறதா? வாங்கப் பழக்காதே. பழக்கிவிட்டாயானால் எனக்கு எழுது, திட்டுவதற்காக இல்லை, தெரிந்துகொள்ள.

மேலே முதல் பனி விழுந்துவிட்டது. கூடாரத்தைப் பிரிக்கிறோம். மந்தை உங்கள் தெரு வழியாகத்தான் இறங்கும். உன் வாசலில் நான் வந்து நிற்பேன். ஐபிகேவின் புருவத்தையும் பார்க்க வேண்டும், நன்றாக ஆறியிருக்கிறதா என்று. நீ கதவைத் திறந்துவிட்டு, தெருவைப் பார்த்து, நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில். நான் எதிரே நிற்கிறேன். ஆடு போகும், என் வாசனை வரும். அது எழுந்து என்னிடம் ஓடி வந்தால் உன் பாடம் போயிற்று. உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் என் நாய் போயிற்று.

எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்த வருஷம் மலையிலிருந்து இறங்க எனக்கு இவ்வளவு அவசரம் இருந்ததே இல்லை. எதுவானாலும் தேநீர் போட்டு வை.

கனிஷாயிம்